எட்டு வயதுக்கு மீசை முளைத்தது

வாண்டக்காவின் வீட்டுக்குப் புதிதாக ஃபோன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

பேசிக்கொண்டிருப்பதே பெரியவள்தான். ஐம்பத்து மூன்று வயது. காதோரம் நரை, மாடிப்படி ஏறினால் முனகுகிற முழங்கால், தூரத்துக்கு ஒன்று கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி. உடம்பில் எல்லாவற்றுக்கும் வயது ஏறிவிட்டது, தொண்டை மட்டும் எட்டாவது பிறந்தநாளோடு நின்றுவிட்டது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததேயில்லை. எதையாவது விற்பதற்காக யாராவது கூப்பிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

"அம்மா குளிக்கிறாங்க அங்கிள். அப்பா தூங்குறாரு. எனக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குறீங்களா?"

காப்பீடு விற்கிற ஒரு நல்ல மனிதர் உண்மையிலேயே சொல்ல ஆரம்பித்து, ஏழெட்டில் தடுமாறி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

அந்தத் தொண்டைதான் அவளுக்குச் சோறு போட்டது. வேற்றுமொழிப் படங்களை நம் மொழிக்கு மாற்றுகிற ஒரு டப்பிங் ஸ்டூடியோவில், சின்னப் பையன்களுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலை. திரையில் ஒரு பையன் மரத்திலிருந்து விழுவான். இருட்டறையில் மைக் முன்னால், சத்தம் போடாத துணிச்செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற வாண்டக்கா "ஐயோ அம்மா" என்பாள். பையன் ஓடினால் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குவாள். பையன் வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு பேசினால், கைக்குட்டையைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். பல் விழுந்த பையன் என்றால் நாக்கை மடித்து 'ச'வை எல்லாம் காற்றாக ஊதிவிடுவாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு விளையாட்டில்தான். முதலில் அதே ஸ்டூடியோவின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். அப்போதெல்லாம் நிஜமான பையனையே பிடித்து வருவார்கள். அப்படி வந்த ஒருவன் ஐஸ்கிரீம் கேட்டான், கொடுத்தார்கள். தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் கொடுத்தார்கள், தூங்கிப்போனான். இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கையெழுத்துக்காகத் தாளோடு வந்தவள் கதவருகில் நின்று அந்தப் பையனின் வசனத்தை அப்படியே அவன் குரலில் சொன்னாள். எல்லோரும் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மறுவாரமே அலுவலகத்துக்கு வேறு டைப்பிஸ்ட் தேட வேண்டியதாயிற்று. வாண்டு என்ற பட்டம் அன்று வந்தது. வயது கூடியதும் மரியாதைக்காகப் பின்னால் ஓர் 'அக்கா' ஒட்டிக்கொண்டது.

அவள் குரலுக்கு ஒரு மூலம் உண்டு, அது அவள் மகன். எட்டு வயதில் அவன் எப்படிப் பேசினானோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் சுருட்டிக்கொண்டாள். பொய் சொல்வதற்கு முன்னால் மூக்கால் ஒரு இழுப்பு. அழுதுகொண்டே "நான் அழல" என்று சொல்கிற நடுக்கம். பிறகு அவன் குரல் உடைந்தது. இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான், பேசினால் பீரோவைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். சாப்பிடும்போது டி.வி.யில் ஏதோ ஒரு பையன் "நான் உடைக்கல, அதுவா உடைஞ்சுடுச்சு" என்பான். மகன் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவான்.

"அம்மா, இது நான்."

"நீயா? நீ பாங்க்ல இருக்கே. இவன் என் பையன்."

அவள் குரல் கொடுத்த பையன்களிலேயே அவளுக்கு உயிரானவன் ஒருவன் இருந்தான். சில வருடங்களுக்கு முன்னால், குழந்தைகள் கொண்டாடுகிற ஒரு மாயக்கதையை ஒலிப்புத்தகமாகப் போட்டார்கள். எட்டு வயதுப் பையனுக்கு முன்பல் ஒன்று விழுகிறது. அந்தப் பால்பல்லைக் கையில் பொத்திக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஒரு குட்டிக் கதவின் வழியே வேறு உலகத்துக்குப் போகிறான். அந்தக் கதவுக்குச் சுங்கம் பால்பல். சுங்கம் வாங்குவது, மூக்கு வரைக்கும் மஃப்ளர் சுற்றிய ஒரு சிடுசிடுத்த முள்ளம்பன்றி. உள்ளே போனால் மழைக்காரி என்று ஒரு பெரிய மனுஷி. பையனுக்கு மூக்குச் சிந்திவிடுவாள், ஷூ லேஸ் கட்டிவிடுவாள், அப்புறம் அவனோடு சேர்ந்து தூக்கத்தைத் திருடுகிற ராஜாவைத் தேடிப் போவாள். ஒலிப்புத்தகத்தில் பையன் குரல் வாண்டக்காவுடையது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

அந்தப் புத்தகம் படமாகிறது, நம் மொழியிலும் வரப்போகிறது என்று செய்தி வந்ததும் வாண்டக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. லிஃப்ட்காரரிடம் சொன்னாள். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். மூட்டு வைத்தியரிடம், அவர் முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். புதிதாக ஒரு ஜோடித் துணிச்செருப்பும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

டப்பிங் இயக்குநர் கூப்பிட்டார். அவளைவிடப் பத்து வயது இளையவர், எந்நேரமும் இரண்டு படத்துக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பவர்.

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல். பையனுக்கு வயசு ஏறிடுச்சு."

"ஏறினா என்ன? ஒன்பதா, பத்தா? பண்ணிடலாம்."

"பதினேழு."

வாண்டக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "எட்டு வயசுப் பையன் எப்படிப்பா பதினேழு ஆனான்?"

"படம் எடுத்தவங்க முடிவுக்கா. எட்டு வயசை வச்சுக் காதல் சீன் எடுக்க முடியாதில்ல?"

"அந்தக் கதையில காதலே கிடையாதே!"

"அதுக்காகத்தான் வயசை ஏத்துனாங்க."

"யாரைக் காதலிக்கிறான்?"

"மழைக்காரியை. அவங்களுக்குப் பதினெட்டு. வில் அம்பெல்லாம் வச்சிருக்காங்க."

"அடேய், அவ அவனுக்கு மூக்குச் சிந்திவிடுறவடா!"

"என்கிட்ட கத்தாதீங்கக்கா. நானா எடுத்தேன்?"

வாண்டக்காவுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. "சரி, பதினேழு வயசுல பால்பல்லுக்கு எங்க போவான்?"

"ஞானப்பல்லா மாத்திட்டாங்க" என்றார் இயக்குநர்.

அன்று சாயங்காலம் மகனின் கைபேசியில் அவள், கணவர், மகன் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு முன்னோட்டம் பார்த்தார்கள். புயலுக்கு நடுவில் ஒருவன் தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்து வந்தான். தாடையில் நேற்று மழித்த பச்சை.

"இவருக்கு என் வயசு இருக்கும்" என்றான் மகன்.

"கண்ணாடி போட வேண்டிய வயசும் ஆயிடுச்சு. பாரு, எப்படிக் கண்ணை இடுக்குறான்" என்றார் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யாரைப் பார்த்தாலும் முதலில் அவர் கண்ணுக்குப் படுவது அவர்களுடைய கண்தான்.

வாண்டக்கா பாதியிலேயே எழுந்தாள். துணிச்செருப்பைப் பெட்டியோடு பரணில் போட்டாள். மறுநாள் மருந்துக்கடைக்காரர், "என்னக்கா, உங்க பையன் படம் எப்போ?" என்று கேட்டபோது, "பையன் பெரியவனாயிட்டான், இனிமே நான் எதுக்கு?" என்றாள். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "அப்படியா! பொண்ணு எந்த ஊரு?" என்றார்.

நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். முள்ளம்பன்றிக்கு ஆள் வேண்டும். கரகரத்த குரல், ஒரு அரை நாள் வேலை, மஃப்ளர் மூக்குவரை இருப்பதால் வாயசைவு பார்க்க வேண்டிய தொல்லைகூட இல்லை.

"கிழட்டுக் குரல்னா என் ஞாபகம் வந்துதா உனக்கு?"

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா..."

"வர்றேன் போ."

வந்தாள். பழைய செருப்போடுதான் வந்தாள்.

கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க, 'இடி' என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் வந்திருந்தான். சிமெண்ட் விளம்பரம் முதல் வில்லன் சிரிப்பு வரை ஊரில் எங்கே அதிர்ந்தாலும் அது அவன் தொண்டையாகத்தான் இருக்கும். ஆள் என்னவோ பஞ்சு மாதிரி. வாண்டக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அக்கா, இது உங்க வேஷம். என்னை மன்னிச்சுக்கங்க" என்றான். அவளுக்கு அவன் மேல் கோபம் வைத்திருக்க முடியவில்லை.

வேலை தொடங்கியதும்தான் உண்மையான கூத்து தெரிந்தது. பையனுக்கு வயதை ஏற்றியவர்கள், அவன் பேச்சுக்கு ஏற்ற மறந்துவிட்டார்கள். புத்தகத்தைப் படித்த குழந்தைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முக்கியமான வசனங்களை அப்படியே வைத்திருந்தார்கள். தோளும் மார்புமாகத் திரையில் ஒருவன் நிற்க, இடி தன் முழுக் கனத்தோடு சொன்னான்:

"எனக்குப் பல் ஆடுது. வலிக்குமா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் குனிந்து எதையோ தேடினார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அவர் பெண் கல்யாணப் புகைப்படத்திலேயே முறைத்துக்கொண்டு நிற்பவர். மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அடுத்தது: "என் ஷூ லேஸைக் கட்டிவிடுறியா? எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது."

இடி பாதியில் உடைந்துபோனான். மறுபடி எடுத்தார்கள், மறுபடி உடைந்தான். ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, துக்க வீட்டில் பேசுகிறவன் மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அது பொருந்திவிட்டது.

மூலையில் வெளிநாட்டுக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் மொழியில் அவருக்கு 'டீ' என்ற வார்த்தை மட்டும் தெரியும். வாயசைவும் நீளமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், சரியென்றால் கட்டைவிரலை உயர்த்துவார். டப்பிங் இயக்குநரோ மத்தியானத்துக்கு மேல், "முள்ளம்பன்றிதானே, நீங்களே பார்த்துக்கங்க" என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடிவிட்டார்.

வாண்டக்கா மைக் முன்னால் போய் நின்றாள். திரையில் குட்டிக் கதவு. குட்டிக் கதவும் இப்போது கோட்டை வாசல் மாதிரி இருந்தது, இல்லாவிட்டால் ஆள் நுழைய முடியாதே. முள்ளம்பன்றி அண்ணாந்து பார்க்கிறது. தாளில் இருந்த வசனம்: 'நில். இத்தனை சின்னப் பையனை இந்த வாசல் கண்டதில்லை. பல் கொண்டுவந்தாயா?'

அதை ஒழுங்காக ஒரு தடவை சொன்னாள். கட்டைவிரல் உயர்ந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கலாமா சார்? தொண்டை கொஞ்சம் பிசிறுச்சு."

"எடுத்துக்கலாம்" என்றார் ஒலிப்பதிவாளர்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முள்ளம்பன்றி அண்ணாந்து பார்த்தது.

"நில்லு! இத்தனை பெரிய சின்னப் பையனை இந்த வாசல் பார்த்ததே இல்ல. பல் கொண்டு வந்தியா, பல் செட் கொண்டு வந்தியா?"

நீளம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கட்டைவிரல் முன்னைவிட உற்சாகமாக உயர்ந்தது. இடி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஒலிப்பதிவாளர் இந்தத் தடவை மேஜைக்கு அடியில் போகவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் நல்ல பிள்ளையாக ஒன்று, வாலுப் பிள்ளையாக ஒன்று. கதாநாயகன் வாசலைத் தோளால் இடித்துத் திறக்கும்போது முள்ளம்பன்றி சொன்னது: "மெதுவாடா, போன தடவை குனியாமலே நுழைஞ்சே." தாடையைத் தடவிக்கொண்டு அவன் யோசிக்கும்போது: "முதல்ல போய் ஷேவ் பண்ணிட்டு வா. அப்புறம் குழந்தையான்னு பேசலாம்." மழையில் நாயகனும் நாயகியும் கையைப் பிடித்துக்கொள்கிற இடத்தில் மூலத்தில் முள்ளம்பன்றிக்கு வசனமே இல்லை, ஓர் இருமல்தான். அந்த இருமலுக்குள் அவள் இதைத் திணித்தாள்: "ம்ஹூம்! லேஸ் கட்டத் தெரியாது, கையைப் பிடிக்க மட்டும் தெரியுது."

முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு ரெண்டா இருக்கு. எதை வைக்கறது?"

"எது நல்லா இருக்கோ அது."

"கேட்டா?"

"கேட்டா, வாண்டு பண்ணின சேட்டைன்னு சொல்லுங்க."

அவர் பொத்தான்கள் நிறைந்த கன்சோல் பக்கம் திரும்பி, நல்ல பிள்ளைகளை எல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்க ஆரம்பித்தார்.

படம் வெளிவருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தைப் படித்த பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு சிறப்புக் காட்சி போட்டார்கள். வாண்டக்கா கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஓட வேண்டி வந்தால் வசதியாக இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு வரிசை தள்ளி டப்பிங் இயக்குநரும், படத்தை வாங்கி வெளியிடுகிற விநியோகஸ்தர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. மாடிப்படி வந்தது. கைதட்டல். படிக்கு அடியிலிருந்து கதாநாயகன் நிமிர்ந்தான். கைதட்டல் பாதியில் நின்றுபோயிற்று. அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தை தெளிவாகக் கேட்டது.

"மிஸ், இது யாரு? அவனோட அப்பாவா?"

"உஷ்! அவன்தான் இது" என்றார் டீச்சர்.

"இல்ல!" என்று அரங்கமே சொன்னது.

பிள்ளைகள் நெளிந்தார்கள். கொறிக்க வாங்கியதை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். நாயகன், பல் வலிக்குமா என்று இடிக் குரலில் கேட்டபோது ஒரு சிறுவன், "டாக்டர்கிட்ட போ" என்று கத்தினான். விநியோகஸ்தர் அம்மா இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது முள்ளம்பன்றி வந்தது. அண்ணாந்து பார்த்தது. "இத்தனை பெரிய சின்னப் பையனை இந்த வாசல் பார்த்ததே இல்ல..."

அரை நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தாங்கள் மனசில் நினைத்ததைச் சொல்ல, படத்துக்குள்ளேயே தங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் வீசிக்கொள்ளவில்லை, நெளியவில்லை. முள்ளம்பன்றி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதல் காட்சியில் கையைப் பிடித்துக்கொண்டபோது, முள்ளம்பன்றி திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டப்பிங் இயக்குநர் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் தலைமயிர் மட்டும் தெரிந்தது.

வாண்டக்காவின் கணவர் மெல்லக் குனிந்தார். "ஏம்மா, அந்த 'ம்ஹூம்' என்னுதுதானே?"

"எந்த ம்ஹூம்?"

"கடைக்கு வர்றவங்க எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா, நான் ஒண்ணு போடுவேனே. அது."

வாண்டக்கா மூக்கால் ஓர் இழுப்பு இழுத்தாள். "இல்லையே. உங்களுது எதுக்கு எனக்கு?"

"அப்பா, நம்பாதீங்க" என்றான் மகன். "அந்த இழுப்பும் திருடினதுதான்."

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவும் மகனும் முன்னால் சிரித்துக்கொண்டே போனார்கள். வாண்டக்கா முழங்காலைச் சாக்கு வைத்துப் பின்தங்கினாள். அந்தப் பையனுக்குப் பதினேழு வயது என்று ஃபோனில் கேட்டபோது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது வேஷம் போன வருத்தம் மட்டும் இல்லை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் மகனும் அப்படித்தான் வளர்ந்தான். யார் யார் வீட்டுப் பையனாகவோ அவள் இருட்டறையில் அழுதும் சிரித்தும் கொண்டிருந்த வருடங்களில், வீட்டில் இருந்தவன் எட்டிலிருந்து பன்னிரண்டுக்குத் தாவிவிட்டான். ஒன்பதும் பத்தும் எப்படி இருந்தன என்று அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. புத்தகத்துப் பையன் ஒருவன்தான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தான். அவனையும் ஒரு ராத்திரியில் இழுத்து வளர்த்துவிட்டார்களே என்றிருந்தது.

"என்னம்மா, வலிக்குதா?" மகன் நின்று திரும்பினான்.

"நான் ஒண்ணும் அழல" என்றாள். அது யார் குரல் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. அவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தான்.

மறுநாள் காலை அழைப்பு வந்தது. விநியோகஸ்தர் அம்மாவின் அலுவலகத்தில் டப்பிங் இயக்குநர் ஏற்கெனவே ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெந்த மாதிரி இருந்தது. "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே அக்கா" என்று முணுமுணுத்தார்.

விநியோகஸ்தர் அம்மா பெரிய மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். "முள்ளம்பன்றி நீங்கதானா?"

வழியெல்லாம் வாண்டக்கா ஒரு மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கம்பெனி, பொறுப்பு, அனுபவம் என்று கனமான வார்த்தைகளாகப் போட்டு வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அதெல்லாம் எங்கோ போய்விட்டது. மூக்கால் ஓர் இழுப்பு வந்தது, பின்னாலேயே எட்டு வயதும் வந்தது.

"வேணும்னு பண்ணல மேடம். அதுவா வாயில வந்துடுச்சு. இனிமே பண்ண மாட்டேன்."

விநியோகஸ்தர் அம்மா திட்டுவதற்காக எடுத்த மூச்சு அப்படியே நின்றது. வெளியே விட வழி தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்துவிட்டுக் கடைசியில் அது சிரிப்பாக வெடித்தது. "நரைச்ச தலையை வச்சுக்கிட்டு இந்தக் குரல்ல பேசாதீங்க. நான் எப்படித் திட்டுறது?"

பஞ்சாயத்து சீக்கிரம் முடிந்தது. கதாநாயக நடிகர் ஒரு ஷேவிங் பிளேடு விளம்பரத்தில் நடிப்பதால், ஷேவ் பற்றிய வசனத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார் அந்த அம்மா. மற்றதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைகள் முள்ளம்பன்றிக்காகவாவது பெற்றோரை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

"வெளிநாட்டுக் கம்பெனி கேட்டா?" என்றார் இயக்குநர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"நீங்கதானே பதில் எழுதுவீங்க" என்றார் விநியோகஸ்தர் அம்மா.

கேட்டார்கள். வேறெங்கும் சுமாராக ஓடிய படம் இங்கே மட்டும் ஏன் இப்படிப் போகிறது, அந்த முள்ளம்பன்றி என்னதான் சொல்கிறது என்று கேட்டு எழுதினார்கள். இயக்குநர் மூலத்தில் இருந்த வசனங்களையே அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பிவைத்தார். அவர்கள் அதைப் படித்துவிட்டு, இந்த ஊர் மக்கள் முள்ளம்பன்றிகள் மேல் தனிப் பாசம் உள்ளவர்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். இரண்டாம் படத்தில் முள்ளம்பன்றிக்கு வசனம் இரட்டிப்பாயிற்று.

இதற்கிடையில் வாண்டக்காவுக்கு வேறு மாதிரியான வேலைகளும் வரத் தொடங்கின. ஒரு கிழட்டு ராணி, பேசுகிற கப்பல், எப்போதும் ஜலதோஷம் பிடித்த ஒரு நீதிபதி. சின்னப் பையன்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதே புத்தகத்தின் அடுத்த பாகம் ஒலிப்புத்தகமாக வந்தபோது, படத்தைப் பார்த்து மயங்கிப்போன பதிப்பகத்தார் இடியைத்தான் கூப்பிட்டார்கள். அவன், "எனக்கு லேஸ் கட்டத் தெரியும் சார், நான் அதுக்குச் சரிப்பட மாட்டேன்" என்று சொல்லி வாண்டக்காவின் வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தான். பையன் அந்தப் பாகத்திலும் எட்டு வயதாகவே இருந்தான். பரணிலிருந்து துணிச்செருப்பு இறங்கியது.

இரண்டாம் படத்தின் டப்பிங்குக்கு அதே பிரதிநிதி மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக வரவில்லை. கம்பெனிக்கு ஏதோ வாசனை பட்டிருக்க வேண்டும், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று ஓர் இளம் பெண். மடியில் வசனத் தாள், கையில் பென்சில். ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்க்க வந்திருக்கிறாள் என்று இயக்குநர் எச்சரித்தார். அவர் இந்த முறை எங்கும் ஓடவில்லை, கன்சோல் அருகிலேயே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வாண்டக்கா அன்று முழுக்க நல்ல பிள்ளை. தாளில் இருந்ததை இருந்தபடி, ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஒலிப்பதிவாளர் பழையபடி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் உயர்ந்துகொண்டேயிருந்தது.

கடைசிக் காட்சிக்கு முன்னால் டீ வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் கோப்பையோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பென்சிலைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"எதுவும் மாத்திச் சொல்லலைம்மா. எல்லாம் தாள்ல இருக்கறதுதான்."

"அதைத்தான் கேக்க வந்தேன்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என் பல்லு விழுந்த சமயத்துல எங்க வீட்ல படிச்ச புத்தகம் மேடம் இது. முதல் படத்தை என் தங்கச்சியோட மூணு தடவை பார்த்தேன். இன்னைக்குக் காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணுகூடச் சொல்ல மாட்டேங்கறீங்களே."

"உங்க ஆள் பக்கத்துல இருக்காரே?"

"அவருக்கு என்ன சொல்லணுமோ, அதை நான் சொல்லிக்கறேன்" என்றவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கதாநாயகனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, முழுத் தாடி. மலையுச்சியில் மண்டியிட்டு மழைக்காரியிடம் மோதிரத்தை நீட்டுகிறான். அவள் கண் கலங்கி நிற்கிறாள். இருவருக்கும் குடை பிடித்தபடி முள்ளம்பன்றி. வாண்டக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மழைக்காரி, நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அடுத்த படத்துல இவனுக்கு வழுக்கை விழுந்துடும்."

இயக்குநர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரதிநிதி மொழிபெயர்ப்பாளர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு சரி போட்டுவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் நீளமாக விளக்கினாள். காலத்தால் அழியாத அன்பு என்றெல்லாம் சொன்னாளாம், பிறகு அவளே சொன்னாள். பிரதிநிதிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த வரியை இன்னும் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார்.